சாமி அறையில் இருந்த பாஸ்போர்ட்

எங்கள் ஆபீஸில் என்னை முன்னால் ரீட்டாம்மா என்பார்கள், பின்னால் ‘உபதேசியார்’ என்பார்கள், மாதா கோயிலில் வேதம் சொல்லிக் கொடுப்பவருக்கு உள்ள பெயர். நான் கத்தோலிக்கப் பெண், ஞாயிறு பூசைக்குத் தவறாதவள், அதற்காக வைத்த பெயர் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, லண்டனுக்குப் போகும் சமையல்காரர்களை வரிசையாக உட்கார வைத்து நான் நடத்திய வகுப்புக்காக அவர்களே வைத்த பெயர் என்று. முதலில் கோபம் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால் பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது, விட்டுவிட்டேன்.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிற என்னிடம், என் நாற்காலிக்கு வந்திருக்கிற பெண் போன வாரம் ஃபோனில் ஒரு கேள்வி கேட்டாள். “மேடம், இப்பல்லாம் விசாவைப் பாஸ்போர்ட்டுல ஒட்டுறதே இல்ல. எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. பாஸ்போர்ட் யார் கையில இருக்கணும்னு நீங்க இம்புட்டு நேரம் வகுப்பு எடுத்தீகளே, அது இனியும் வேணுமா?”

“வேணும்டி” என்றேன். “ஏன்னு கேட்டா ஃபோன்ல சொல்லி முடியாது. எழுதித் தாரேன், படி.”

அவளுக்காக எழுத ஆரம்பித்ததுதான் இது. மற்றவர்களும் படிக்கலாம், வரி கிடையாது.

எங்கள் கம்பெனிக்குக் காரைக்குடியில் ஆபீஸ், லண்டனில் செட்டிநாட்டுச் சாப்பாட்டுக் கடை. முதலாளி மெய்யம்மை ஆச்சி. நகரத்தார் வீட்டுப் பெண்களை எங்கள் பக்கம் ஆச்சி என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம், மற்றபடி அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. லண்டன் கடையைப் பார்த்துக்கொண்டது அவருடைய மகன். அவரை நாங்கள் சின்னவர் என்போம். கடைக்கு வேண்டிய சமையல்காரர்களை இங்கே ஆச்சி சாப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். அவர்களை விசாவில் கூப்பிட, கம்பெனி அந்த நாட்டு அரசாங்கத்திடம் ஸ்பான்சர் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உரிமம் வாங்குவது சுலபம், வைத்துக்கொள்வதுதான் பாடு. அந்தப் பாடுதான் என் வேலை.

இந்த வேலைக்கு நான் பிறக்கவில்லை. பி.காம். படித்து, டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, ஓர் அரிசி மில்லில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு ஆச்சியிடம் சேர்ந்தேன். விசா விதிகளைக் கற்றுக் கொடுத்தவர் லண்டனில் கம்பெனிக்கு வேலை பார்த்த ஒரு வக்கீல், அதுவும் ஃபோனிலேயே. அவருடைய இங்கிலீஷ் எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது, விதி புரிய இன்னொரு வருஷம். புரிந்து நிமிரும்போது விதியை மாற்றிவிட்டார்கள் என்றார். அந்தக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆச்சியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். வேலை விஷயம் பேசும்போது அவர் உட்காரவே மாட்டார். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். நான் ஒரு விதியைச் சொன்னால், கண்ணாடிக் காலால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டி, “ஏன்?” என்பார். காரணம் சொல்வேன். இன்னொரு தட்டு, இன்னொரு “ஏன்?” மூன்றாவது ஏனுக்கும் பதில் வந்துவிட்டால், “அப்பச் சரி, செய்யணும்” என்று கண்ணாடியைப் போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகு அந்த விதியை அரசாங்கம் மறந்தாலும் ஆச்சி மறக்க மாட்டார்.

ஒருமுறை சொன்னேன்: “ஆச்சி, நம்ம ஆளுக எங்க தங்கியிருக்காகன்னு நமக்கு எப்பவும் தெரிஞ்சிருக்கணும். வீடு மாறுனா விலாசத்தையும் மாத்திப் பதியணும்.”

“ஏன்?”

“விசாவுல கூப்பிட்டது நாம. ஆளைக் காணோம்னா நம்மளத்தேன் கேப்பாக.”

“ஏன்?”

“கூட்டிட்டுப் போயி நடுத்தெருவுல விட்ட முதலாளிக நெறய இருந்துருக்காக, ஆச்சி.”

மூன்றாவது ஏன் வரவில்லை. மறுநாளே ஒரு ஏற்பாடு செய்தார். லண்டனில் இருக்கும் ஒவ்வொரு சமையல்காரனுக்கும் அவனவன் தங்கியிருக்கும் வீட்டு விலாசத்துக்கு மாசம் ஒரு பார்சல் சுண்டைக்காய் வத்தல். “விலாசம் சரியான்னு கேட்டா சரின்னுதேன் சொல்லுவாய்ங்க. வத்தல் போய்ச் சேர்ந்துச்சான்னு கேட்டா உண்மை வரும்” என்றார். சிநேகிதனோடு வேறு வீட்டுக்குப் போன ஒரு பரோட்டா மாஸ்டர் அதை எங்களிடம் சொல்லவே இல்லை. வத்தல் திரும்பி வந்துவிட்டது. ஆச்சி நேராக அவனுக்கே ஃபோன் போட்டு, “ஏப்பா, வத்தல் வந்துருச்சு, நீ எங்க போன?” என்று கேட்ட கேள்வியில் அவன் அன்றைக்கே விலாசம் எழுதி அனுப்பினான். வக்கீலிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கும் வரை நான் லைனிலேயே இருந்தேன்.

விசாவில் என்ன வேலை எழுதியிருக்கிறதோ அந்த வேலையைத்தான் ஆளிடம் வாங்க வேண்டும் என்பது இன்னொரு கடமை. சின்னவர் ஒருநாள் கடையில் கூட்டமில்லை என்று இரண்டு சமையல்காரர்கள் கையில் பிரஷ்ஷைக் கொடுத்துச் சுவருக்குப் பெயின்ட் அடிக்க விட்டிருந்தார். எனக்குத் தெரிந்ததும் ஃபோனை எடுத்தேன். “தம்பி, அவுக விசாவுல சமையல்னு இருக்கு. வெள்ளையடிக்கிறதுன்னு இல்ல” என்றேன். “சும்மாதானே இருந்தாங்க ரீட்டாம்மா” என்றார். “சும்மா இருக்கட்டும். சும்மா இருந்தாலும் சமையல்காரனாத்தேன் இருக்கணும்.” ஆச்சி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மகனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி அந்த வகுப்பு. சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் கேள்வி கேட்க நாங்கள் பாட்டாகப் பதில் சொல்வோம். வேறு எந்த முறையிலும் எனக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியாது. அதனால் விமானம் ஏறப்போகும் ஆட்களை ஆபீஸ் ஹாலில் உட்கார வைத்து அதே ராகத்தில் கேட்பேன்.

“பாஸ்போர்ட் யார் கையில இருக்கணும்?”

“எங் கையில!”

“முதலாளி கேட்டா?”

“குடுக்க மாட்டேன்!”

“ரீட்டாம்மா கேட்டா?”

“காட்டுவேன், குடுக்க மாட்டேன்!”

“விசாவுக்குக் கம்பெனி கட்ட வேண்டியதை உங்கிட்ட கேட்டா?”

“தர மாட்டேன்!”

“ஊருக்குத் திரும்பணும்னா?”

“லீவு எழுதிக் குடுப்பேன், பாஸ்போர்ட்டை யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல!”

தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். பார்க்கட்டும். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிப் பூட்டி வைத்தால், அதை அடிமை வேலைக்கு அடையாளமாகத்தான் அந்த நாட்டில் பார்க்கிறார்கள். சரியாகவும் பார்க்கிறார்கள். உரிமம் போகும், கேஸ் வரும். அதைவிட முக்கியம், பாஸ்போர்ட் கையில் இல்லாதவன் ஊருக்கு வர நினைத்தால் இன்னொருத்தர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். இந்த ஒரு கேள்வியில் என் வகுப்பில் தவறு செய்தவன் கிடையாது. தவறு வந்தது என் வகுப்பிலேயே முதல் ஆளாகப் பதில் சொன்ன கருப்பையாவிடமிருந்து.

கருப்பையா நாச்சியாபுரத்துக்காரன். விவசாயக் குடும்பம். கல்யாண வீடுகளில் பெரிய மேஸ்திரிகளுக்குக் கீழே வெகுகாலம் சமைத்தவன். கோழி வறுவலில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆச்சி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, எதுவும் பேசாமல் இன்னொரு வாய் சாப்பிட்டார். அதுதான் அவனுக்கு நேர்முகத் தேர்வு. மனைவி பஞ்சவர்ணம் அப்போது மூன்று மாசம். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. அவனைப் போகச் சொன்னதும் அவள்தான், ஒரே ஒரு நிபந்தனை போட்டதும் அவள்தான். எனக்கு முன்னாலேயே சொன்னாள்: “போயிட்டு வா. ஆனா பிள்ளை பெறக்கயில நீ எம் பக்கத்துல இருக்கணும். ஃபோன்ல மூஞ்சியைக் காட்டி ஏமாத்தக் கூடாது.” கருப்பையா தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

விசா வந்தது. சின்னவர் வெள்ளிக்கிழமை திருச்சியிலிருந்து டிக்கெட் போட்டு அனுப்பினார். அங்கேதான் சங்கடம் பிறந்தது. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், மேற்குப் பக்கம் பயணம் கிளம்பக் கூடாது. லண்டன் மேற்கே இருக்கிறது. எனக்கு இதெல்லாம் தெரியாது, எங்கள் வீட்டில் சிலுவை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவோம். ஆனால் கருப்பையாவின் மாமியாருக்குத் தெரியும். “போற பயணம் சரியா இருந்தாத்தேன் திரும்புற பயணம் சரியா இருக்கும். எம் மக பிரசவத்துக்கு நீரு வரணுமா வேணாமா?” என்று மருமகனைக் கேட்டிருக்கிறார். இதற்கு யார் பதில் சொல்ல முடியும்?

இதற்குப் பழைய பரிகாரம் ஒன்று இருக்கிறது. பரஸ்தானம் என்பார்கள். கிளம்ப வேண்டிய நாள் நல்ல நாளாக இல்லாவிட்டால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், கொண்டுபோகப் போகும் பொருள் ஒன்றைப் பயணம் போகும் வழியில் இருக்கும் வேறொரு வீட்டில் வைத்துவிடுவது. அன்றைக்கே பயணம் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்த நாளில் வேண்டுமானாலும் அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு போகலாம். பெரும்பாலும் ஒரு வேட்டியோ துண்டோ வைப்பார்கள். மாமியார் அதற்கும் ஒப்பவில்லை. “வேட்டி போனா நீரு போனதாகுமா? பாஸ்போர்ட்டு போனாத்தேன் நீரு போனதாகும்” என்று சொல்லிவிட்டார். நியாயத்தைப் பாருங்கள், மறுக்க முடிகிறதா?

திங்கட்கிழமை நல்ல நேரத்தில் கருப்பையா புது வேட்டிக்குள் பாஸ்போர்ட்டை வைத்துச் சுற்றி, மஞ்சள் தடவி, திருச்சிக்குப் போகும் வழியில் அவனுக்குத் தெரிந்த ஒரே வீட்டுக்குக் கொண்டு போனான். அது மெய்யம்மை ஆச்சியின் வீடு. ஆச்சிக்கு ஒரே சந்தோஷம். “நம்ம வீட்டை நம்பிப் பரஸ்தானம் வைக்கிறாக” என்று சாமி அறையைத் திறந்துவிட்டார். கருப்பையாவே உள்ளே போய் விளக்குக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டான். வேட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஆச்சி கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. யார் கேட்டாலும் பாஸ்போர்ட்டைக் கொடுக்க மாட்டேன் என்று என்னிடம் கூவினவன் அவன். யாரிடமும் கொடுக்கவும் இல்லை. சாமியிடம்தான் கொடுத்தான். சாமியைப் பற்றி என் வகுப்பில் கேள்வியே இல்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை லண்டன் கடைக்கு அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா பரிசோதனைக்கு வந்தார். வழக்கமான பரிசோதனைதான். விலாசங்கள், சம்பளம், வேலை நேரம், எல்லாம் சரியாக இருந்தது. கடைசியாக, புதிதாக ஸ்பான்சர் செய்திருக்கும் ஆளோடு வீடியோவில் பேச வேண்டும், கம்பெனி ஆட்கள் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்றார். கருப்பையா அன்றைக்குக் கடைசி வகுப்புக்கு ஆபீஸுக்கு வந்திருந்தான். பஞ்சவர்ணம் ஆஸ்பத்திரிக்குக் காட்டிவிட்டு அவனோடு வந்து உட்கார்ந்திருந்தாள். அவனை ஹாலில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, நாங்கள் இருவரும் வெளியே வராந்தாவில் உட்கார்ந்தோம்.

கதவைச் சாத்தி என்ன பிரயோஜனம்? கருப்பையா அடுப்படியிலிருந்து பந்திக்குக் குரல் கொடுத்துப் பழகியவன். எதிர்முனையில் மொழிபெயர்த்தவர் ஓர் இலங்கைத் தமிழ்ப் பெண். கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் வேறு முழுச் சத்தத்தில். எல்லாம் எங்களுக்குக் கேட்டது.

“உங்கட பாஸ்போர்ட் இப்ப ஆரிட்ட இருக்குது?”

என் வகுப்பில் முதல் கேள்வி. நான் பஞ்சவர்ணத்தைப் பார்த்துப் புன்னகைத்தேன்.

“மொதலாளி வீட்டுல இருக்குங்க!”

மாதாவே என்று எழுந்துவிட்டேன்.

“அதை நீங்கள் இப்ப போய் எடுக்கலாமோ?”

“எடுக்கக் கூடாதுங்க!”

“எடுக்கக் கூடாதெண்டு ஆர் சொன்னது?”

“எம் மாமியாருங்க!”

மொழிபெயர்ப்பாளர் குரல் வந்தது. “உங்கட மாமியார் கம்பெனியில வேலை செய்யிறவவோ?”

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகலாமா கூடாதா என்று நான் வாசலில் தவித்தேன். போனால் ஆளை மிரட்டினேன் என்பார்கள். நல்ல வேளை, அதிகாரியே என்னைக் கூப்பிட்டார். திரையில் தலைமுடியைக் கிட்ட வெட்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சூலத்தையும் பரஸ்தானத்தையும் விளக்கினேன். நடுங்கிக்கொண்டே விளக்கினால் நிஜமும் பொய்யாகத்தான் கேட்கிறது.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: காரணங்கள் நிறையக் கேட்டிருக்கிறேன், எல்லா முதலாளியும் ஒரு காரணம் வைத்திருப்பார். எனக்குக் காரணம் வேண்டாம். இந்த ஆள் யாரிடமும் அனுமதி கேட்காமல் தன் கையால் பாஸ்போர்ட்டை எடுப்பதை நான் இப்போதே பார்க்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் உரிமத்தை நிறுத்தி வைக்கும்படி எழுதுவேன்.

உரிமம் நின்றால் கருப்பையா போக முடியாது. அங்கே ஏற்கெனவே இருக்கும் ஐந்து பேருக்கும் வேலை போகும். நான் கருப்பையா பக்கம் திரும்பினேன். “ஏப்பா, எந்திரி. போய் எடு.”

“மாட்டேம்மா.”

“மாட்டியா?”

“எடுத்துட்டு வீட்டுக்குத் திரும்புனா பயணம் கலைஞ்சு போகும். அப்புறம் பிரசவத்துக்கு வர முடியாம எதாச்சும் ஆச்சுன்னா? வேலை போனாலும் போகட்டும்மா.” அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று முழுசாக எழுத மாட்டேன், படிப்பவர்களில் எங்கள் பங்குச் சாமியார்களும் இருப்பார்கள். “உனக்கு அம்புட்டு வகுப்பு எடுத்தேனே, எந்தக் காதுல கேட்ட?” என்பது மட்டும் நினைவிருக்கிறது. கோபத்துக்கு அடியில் எனக்கு அழுகைதான் வந்தது. பிள்ளைக்காக ஒருவன் லண்டனையே வேண்டாம் என்கிறான், அவனை எப்படித் திட்டுவது?

செய்தி போய் ஆச்சி ஓடி வந்தார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. வழக்கம்போல உட்காரவில்லை, ஆனால் கண்ணாடியும் கையில் இல்லை. “அந்த வேட்டிக்குள்ளயா வச்சிருந்த? என் வீட்டுலயா?” என்றார். “பாஸ்போர்ட்டு மொதலாளி வீட்டுல இருக்கக் கூடாது, அம்புட்டுத்தானே ரீட்டா? நான் வேணும்னா வீட்டை விட்டு வெளியேறிடுறேன். கருப்பையாவே இருந்துக்கிரட்டும்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பத்திரம் எழுதவே கிளம்பியிருப்பார்.

அப்போதுதான் பஞ்சவர்ணம் எழுந்து வந்தாள். “எல்லாரும் ஏன் இம்புட்டுக் கத்துறீக?” என்றாள். “எடுத்துட்டுப் பின்னால வீட்டுக்குத்தேன் வரக் கூடாது. எடுத்துட்டு முன்னால போகலாம்ல? எடுத்தா கெளம்பிட்டதா அர்த்தம். கெளம்பட்டும். வெள்ளிக்கிழமை வரைக்கும் திருச்சிப் பக்கமா எங்கயாச்சும் தங்கட்டும்.”

கருப்பையாவின் முகம் மெதுவாக மலர்ந்தது. “ஆமால்ல?” என்றான்.

“ஆமால்லவா? இத மொதல்லயே யோசிக்கக் கூடாதா?” என்றாள் பெண்டாட்டி.

அதிகாரிக்குச் சொன்னோம். சரி, நடக்கட்டும், நான் பார்க்கிறேன் என்றார். அன்றைக்குக் காரைக்குடித் தெருவில் நாங்கள் போன ஊர்வலத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஃபோனில் வீடியோ ஓடிக்கொண்டிருக்க அதைத் தூக்கிப் பிடித்தபடி பஞ்சவர்ணம் முன்னால், கருப்பையா பக்கத்தில், நான் பின்னால், ஆச்சி கடைசியில். வீட்டு வாசல் வந்ததும் ஆச்சி படியேறவில்லை. தெருவிலேயே நின்றுகொண்டார். தன் வீட்டு வேலைக்காரப் பெண்ணையும் வெளியே கூப்பிட்டுவிட்டார். “நான் எடுத்துக் குடுத்தேன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது. நீயே போ, நீயே எடு, நீயே வா” என்றார். கருப்பையா சாமி அறையில் கும்பிட்டு, வேட்டியைப் பிரித்து, பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்து, வலது காலை எடுத்து வைத்து வெளியே வந்தான். பஞ்சவர்ணம் எல்லாவற்றையும் ஃபோனில் காட்டினாள். சாமிப் படங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள், யாரும் கேட்காமலேயே.

“அவர் இப்ப வீட்டுக்குப் போறாரோ?” என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

“இல்லம்மா, லண்டனுக்குப் போறாக” என்றாள் பஞ்சவர்ணம்.

“விமானம் வெள்ளிக்கிழமை அல்லோ? அது வரைக்கும் எங்க தங்குவார்?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வீடு திருச்சி ரோட்டில். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே விஷயம் முடிவாகிவிட்டது. உடனே அதிகாரியிடம் சொன்னேன்: “மேடம், தொழிலாளியின் முகவரி மாறியிருக்கிறது. கம்பெனி இதை உங்களுக்குத் தெரிவிக்கிறது. என் வீட்டில் தங்குவார், பாஸ்போர்ட் அவர் சட்டைப் பையில் இருக்கும், என் வீட்டு அலமாரியில் அல்ல.” அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். எழுதிக்கொண்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: வெள்ளிக்கிழமை வசதிப்படுமா என்று டிக்கெட் போடுவதற்கு முன் அவரை யாராவது கேட்டீர்களா?

ஆச்சியின் முகத்தைப் பார்த்தேன். அந்த விதிக்கு அவர் ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் கம்பெனியில் டிக்கெட் போடும் முன் போகிறவரிடம் நாள் கேட்பது என்று ஆனது. மகனுக்குத் தனியாக ஒரு ஃபோனும் போனது. அதில் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, சின்னவர் மட்டும் ஒரு மாசம் என்னிடம் மிக மரியாதையாகப் பேசினார்.

கருப்பையா எங்கள் வீட்டில் தங்கிய நாட்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனசில்லை. அது ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம். எங்கள் வீட்டில் கறியும் மீனும் கிடையாது. கோழி வறுவல் மன்னனைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ரசமும் துவையலும் வைக்கச் சொன்ன குடும்பம் எங்கள் குடும்பம். அவன் அசரவில்லை. “எங்குட்டும்மா அம்மி?” என்று கேட்டு உட்கார்ந்தான். சேனைக்கிழங்கில் ஒரு வறுவல் செய்தான், வாழைப்பூவில் ஒரு கோலா உருண்டை செய்தான். என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வாயைக் கட்டும் ஒறுத்தலில் ரொம்பக் கறார். மூன்றாவது உருண்டையை எடுக்கும்போது என்னைப் பார்த்து, “ரீட்டா, இது தவமா, விருந்தா?” என்றார். “சாமியார்கிட்டக் கேளுங்க, இப்பச் சாப்பிடுங்க” என்றேன். தெருவே மோப்பம் பிடித்து வந்தது. கருப்பையா சட்டையைக் கழற்றாமலேயே சமைத்தான். பையில் பாஸ்போர்ட் இருந்தது.

வெள்ளிக்கிழமை என் வீட்டிலிருந்தே அவன் கிளம்பினான். நாச்சியாபுரத்திலிருந்து பஞ்சவர்ணமும் மாமியாரும் வந்திருந்தார்கள். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க மருமகனை மூணு நாளு பாத்துக்கிட்டீக” என்றார். “அவுகதேன் எங்களப் பாத்துக்கிட்டாக” என்றேன். பரிசோதனை அறிக்கையில் எங்கள் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. கடை நடந்தது, ஐந்து பேரோடு ஆறாவதாகக் கருப்பையாவும் சமைத்தான்.

மாசங்கள் ஓடின. பஞ்சவர்ணத்துக்கு டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. கருப்பையா அந்தத் தேதியை ஒட்டித்தான் லீவு சொல்லி வைத்திருந்தான். ஆனால் முன்கூட்டியே வலி கண்டு, காரைக்குடி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று எனக்கு ஃபோன் வந்தது. நான் போனபோது பஞ்சவர்ணமும் அவள் அம்மாவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். “இன்னும் வலி முழுசா வரல, பொறுத்திருந்து பாப்போம்” என்று டாக்டர் சொன்னார். கருப்பையாவின் ஃபோன் அணைந்திருந்தது. நான் லண்டன் கடைக்குப் போட்டேன், அங்கே கடை மூடியிருக்கும் நேரம், யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் வலி வந்து பஞ்சவர்ணத்தை உள்ளே கொண்டு போனார்கள். போகும்போது அவள் என்னைப் பார்த்தாள். என்னால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தேன். எத்தனை தடவை உருட்டினேனோ தெரியாது.

உள்ளேயிருந்து பிள்ளை அழும் சத்தம் கேட்டது. மாமியார் தரையில் உட்கார்ந்து அழுதார். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து, துணியில் சுற்றிய பிள்ளையோடு நர்ஸ் வந்தார்.

“பொம்பளப்பிள்ளை. அம்மா நல்லா இருக்காக. பிள்ளையோட அப்பா யாரு?”

நான் எழுந்து, அவர் லண்டனில் இருக்கிறார் என்று சொல்லி வாயை மூடவில்லை. எனக்குப் பின்னால், வாசல் பக்கமிருந்து, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல் வந்தது.

“நாந்தேன்!”

தோளில் ஒரு பை, முகத்தில் தூக்கமில்லை, சட்டை கசங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் பஞ்சவர்ணம் அனுப்பிய செய்தியைப் பார்த்ததும் லீவை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு, கிடைத்த விமானத்தில் ஏறியிருக்கிறான், அதனால்தான் ஃபோன் அணைந்திருந்தது.

நர்ஸ் அவனை மேலும் கீழும் பார்த்தார். “அப்பா லண்டன்ல இருக்காகன்னுல்ல சொன்னாக?”

“இருந்தேன்” என்றான் கருப்பையா, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு. “கெளம்பணும்னு தோணுச்சு. பாஸ்போர்ட்டு கையிலயே இருந்துச்சு, யாரையும் கேக்க வேண்டியிருக்கல. வந்துட்டேன்.”